பார்ப்பாரில்லாத கழைக்கூத்து

சந்தையில் மண்பானை வாங்குகிறவள் அதை உடைத்துப் பார்ப்பதில்லை. விரற்கணுவால் ஒரு தட்டுத் தட்டி, எழும் நாதத்தைக் கொண்டே, நன்றாக வெந்ததா, விரிசல் கண்டதா என்று நிச்சயித்துவிடுகிறாள். ஒரு வஸ்துவின் மூலக்கூறு எவ்வாறு அமைந்திருக்கிறதென்பதை, அதைச் சிதைக்காமலே தட்டிக் கேட்டு அறியும் இத்தகைய வித்தை ரசாயன நிபுணர்களிடமும் உண்டு. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்பது அதன் பெயர். வாய்க்குச் சுலபமாக என்.எம்.ஆர். என்கிறார்கள்.

ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு சின்னஞ்சிறு காந்தம் போன்றது. வலிய காந்தப் புலத்தில் அதை வைத்தால், குறிப்பிட்ட அதிர்வெண்ணுடைய ரேடியோ அலைக்கு மட்டுமே அது இசைந்து பதில் சொல்லும் என்பதை, ஸ்டான்போர்டில் பெலிக்ஸ் பிளாக்கும் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செலும் தத்தம் சகாக்களுடன் 1945-46இல் தனித்தனியே நிரூபித்து, 1952இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பௌதிக அறிஞர்களின் இந்த அதிசயம் ரசாயனத்தின் சொத்தானதற்குக் காரணம், அந்தக் கரு மூலக்கூறுக்குள் எத்தகைய அண்டை அயலாருடன் குடியிருக்கிறதோ அதற்கேற்ப அதன் சுருதியும் இம்மியளவு மாறுகிறது என்பதே. 1951இல் ஸ்டான்போர்டில் எத்தனால் என்னும் சாராயத்தை வைத்துப் பார்த்தபோது, ஒன்று, இரண்டு, மூன்று என்ற விகிதத்தில் மூன்று சிகரங்கள் தோன்றின. அந்த மூலக்கூறில் ஆறு ஹைட்ரஜன்கள் பிரிந்து நிற்கும் விகிதமும் அதுவேதான். அந்தச் செய்தியை வெளியிட்ட மூவரில் தர்மாட்டி என்ற இந்தியர் ஒருவர் என்பதும், பின்னர் அவர் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து இத்துறையை வளர்த்தார் என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

இவ்வளவு அருமையான சாதனத்துக்கு ஒரு பெரிய குறை இருந்தது. அதன் குரல் மகா பலவீனம். அக்காலத்துக் காந்தங்களில் பத்து லட்சம் ஹைட்ரஜன் கருக்களை வைத்தால், புலத்தோடு ஒத்து நிற்பவை எதிர்த்து நிற்பவற்றைவிடச் சுமார் ஐந்துதான் அதிகம். நம் காதில் விழுவது அந்த ஐந்தின் முணுமுணுப்பே. ஜூரிச் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் எர்ன்ஸ்ட் என்ற இளைஞர் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், இந்த முணுமுணுப்பைக் கருவியின் இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதுதான். பதின்மூன்றாம் வயதில் வீட்டு மச்சில், காலமான மாமா விட்டுச்சென்ற ரசாயனப் பெட்டியைக் கண்டெடுத்துப் பரிசோதனைப் பித்தேறிய அந்தப் பிள்ளை, 1962இல் ஆய்வேட்டை முடித்தபோது, பார்ப்பவர் எவருமில்லாத இடத்தில் கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடியாகத் தம்மை எண்ணி மனம் சலித்து, பல்கலைக்கழக வாழ்வே இனி வேண்டாமென்று அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். ஆராய்ச்சி மாணவர் எவரையேனும் வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சலிப்பு புதிதாக இராது.

கலிபோர்னியாவில் வேரியன் என்ற கம்பெனியில் 1963இல் சேர்ந்த எர்ன்ஸ்ட், மறு ஆண்டே வெஸ்டன் ஆண்டர்சனுடன் கூடி அந்தக் காரியத்தைச் சாதித்தார். அதுவரை, ஜலதரங்கக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிச் சுருதி பார்ப்பதுபோல, அதிர்வெண்களை நிதானமாக ஒவ்வொன்றாய்க் கடந்து பதிவு செய்துவந்தார்கள். சிகரங்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தைக் கடப்பதிலேயே பெரும்பொழுது வீணாயிற்று. எல்லாக் கிண்ணங்களையும் ஒரே வீச்சில் தட்டிவிட்டால் என்ன? எழுவது வெறும் கலவரமான ஓசைதான். ஆனால் அந்த ஓசை அடங்குமுன் அதைப் பதிவு செய்து, பிரான்ஸ் தேசத்து பூரியே வெப்பப் பரவலை ஆராய வகுத்த கணிதத்தை அதன்மேல் பிரயோகித்தால், எந்தெந்தச் சுவரம் எவ்வளவு ஒலித்தது என்று கணக்கே பிரித்துக் கொடுத்துவிடும். ஒரு தட்டு நொடிப்பொழுதில் முடிவதால் நூறு தட்டுத் தட்டிக் கூட்டலாம். உண்மைக் குரல் நூறு மடங்காகும்போது இரைச்சல் பத்து மடங்கே ஆகும்.

சொல்லச் சுலபம்; செய்தபோது பட்ட பாடு வேறு. பதிவானதைக் காகித நாடாவில் துளையிட்டு, பிறகு துளை அட்டைகளாக மாற்றி, வேறோர் இடத்துப் பெரிய கணிப்பொறியிடம் கொண்டுபோய்க் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. இதை விவரித்த கட்டுரையைப் பிரபலமான சஞ்சிகை ஒன்று இரு முறை திருப்பி அனுப்பிற்று. கடைசியில் கருவிகளைப் பற்றிய பத்திரிகையொன்றில் 1966இல் அது வெளியாயிற்று. காந்தத்தின் பருமனையே கண்டு வியக்கும் நாம், இத்துறையின் மிகப் பெரிய பாய்ச்சல் ஒரு கணக்கினால் நிகழ்ந்தது என்பதைக் கவனிப்பதில்லை. இயற்கையில் நூற்றுக்கு ஒன்றே இருக்கும் கார்பன்-13இன் குரல் அன்றாடம் கேட்கக் கிடைப்பதும் அந்தக் கணக்கின் உபயமே.

மறுபடியும் மிதிப்பதில்லை என்று விட்டுவந்த ஜூரிச் கழகத்துக்கே 1968இல் எர்ன்ஸ்ட் திரும்பினார். அங்கே 1975இல் அனில் குமாரும் வெல்டியும் அவருடன் சேர்ந்து, அதே கணித முறையால் உருவங்களையும் வரையலாமென்று காட்டினர். இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தின் அடிப்படை அதுதான். அனில் குமார் பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராக விளங்கினார்.

1991ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு எர்ன்ஸ்ட் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. வேறொரு பரிசைப் பெறுவதற்காக அவர் மாஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்திலேயே அந்தச் செய்தி அவருக்கு வந்து சேர்ந்தது.