கப்பல் தந்த கிண்ணம்

உலு யாம், பத்தாங் காலி, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள், லயங்களுக்கு அப்பால் கிடந்த காற்பந்துத் திடலை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். பால்வெட்டு முடிந்த மாலைகளில் அங்கே பந்துதைத்த இளைஞர்க்கு ‘மலாயாக் கிண்ணம்’ என்பது மந்திரச் சொல்லாக இருந்தது. அக்கிண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘வெள்ளையர் கப்பலில் கொண்டுவந்து கொடுத்தார்கள்’ என்பதே பலரும் கூறும் விடை. அவ்விடை பொய்யன்று; ஆயினும் அது பாதி மெய்யே. மறுபாதியை அறிய வேண்டுமாயின், கிண்ணத்தின் முதற் பருவமாகிய 1921-ஆம் ஆண்டை நாம் சற்றே உற்றுநோக்குதல் வேண்டும்.

முதற்கண் கிண்ணப் போட்டியின் இயல்பை அறிந்துகொள்வோம். காற்பந்துப் போட்டி இருவகைப்படும். எல்லா அணிகளும் தம்முள் மாறி மாறி ஆடிப் புள்ளிகளைச் சேர்ப்பது ஒன்று. தோற்ற அணி அன்றே வெளியேற, வென்ற அணி மேலே செல்வது மற்றொன்று. முன்னதில் இன்று இழந்ததை நாளை ஈடுசெய்யலாம்; பின்னதில் நாளை என்பதே இல்லை. இப்பின்னைய முறையின் முன்னோடி, இங்கிலாந்தில் 1871-72-ஆம் பருவத்தில் தொடங்கிய சங்கக் கிண்ணம் ஆகும். அதன் முதல் இறுதியாட்டத்தில் தோற்றது இராணுவப் பொறியாளர் அணி. இந்தியாவில் 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டூராண்டுக் கிண்ணமும் படைவீரர்க்கென ஏற்பட்டதே. 1911-இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணி, பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, ஆங்கிலப் படையணி ஒன்றை 2-1 என வென்று கேடயம் பெற்றபோதுதான், ஆண்டவரின் ஆட்டத்தில் ஆளப்பட்டவரும் வெல்லலாம் என்பதை நாடு கண்டது. படையோடு வந்த ஆட்டம் மலாயாவுக்குப் பரிசாக வந்தது, போர்க்கப்பல் ஒன்றின் வழியாக.

அக்கப்பலின் பெயர் ‘மலாயா’. ஆங்கிலக் கப்பலுக்கு இந்நாட்டின் பெயர் வாய்த்தது எங்ஙனம்? சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் அன்று கூட்டு மலாய் மாநிலங்கள் எனப்பட்டன. 1912-இல் பேராக் சுல்தான் இத்ரிஸ் முன்னின்று, பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பலை அளிப்பதென அம்மாநிலங்கள் தீர்மானித்தன. 1915-இல் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பல், 15 அங்குல வாயுடைய எட்டுப் பெரும் பீரங்கிகளைத் தாங்கியது. அதற்கான செலவு சுமார் 30 இலட்சம் பவுன். 1916-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் நிகழ்ந்த ஜட்லாந்துக் கடற்போரில் பலமுறை குண்டடிபட்டும் அது மூழ்காது நின்றது. அதன் மாலுமிகளுள் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்த 30 இலட்சம் பவுன் யாருடைய பணம்? அது மாநிலங்களின் கருவூலத்திலிருந்து வந்தது. கருவூலத்தை நிரப்பியவற்றுள் வெள்ளீயம், ரப்பர், அபினி ஆகியவற்றின் வருவாய் தலையாயது. ஈயத்தைத் தோண்டியவர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர். பால்மரத்தைச் சீவியவர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர். மன்றத்தில் கை தூக்கியவர் வேறு; விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்வாளி சுமந்து காட்டுக்குச் சென்றவர் வேறு. பின்னவரைக் கேட்டு எவரும் கப்பல் வாங்கவில்லை. எனினும் அவர்தம் உழைப்பும் அக்கப்பலின் இரும்பில் கலந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

1921-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தன்னை ஈந்த நாட்டைக் காண அக்கப்பல் வந்தது. போர்ட் சுவெட்டன்காம் என அன்று வழங்கிய கிள்ளான் துறைமுகத்தையும் சிங்கப்பூரையும் பிற துறைகளையும் கண்டது. மாலுமிகள் இந்நாட்டவருடன் காற்பந்தும் ரக்பியும் ஆடினர். தமக்குக் கிடைத்த விருந்தோம்பலுக்கு நன்றியாக, அதிகாரிகளும் மாலுமிகளும் இரண்டு கிண்ணங்களை அளித்தனர்; ஒன்று காற்பந்துக்கு, மற்றது ரக்பிக்கு. ஆகவே மலாயாக் கிண்ணத்தைக் கொடை என்பதைவிடக் கைம்மாறு என்பதே பொருந்தும். முதலிற் கொடுத்தது இந்நாடு. திரும்பி வந்தது வெள்ளிக் கிண்ணம். மேலே கூறிய மறுபாதி மெய் இதுவே.

அவ்வாண்டே போட்டி தொடங்கிற்று. கலந்துகொண்ட அணிகள் ஆறு. சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் மூன்றும் கூட்டு மலாய் மாநிலங்களைச் சேர்ந்தவை. சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு மூன்றும் ஆங்கிலேயர் நேரே ஆண்ட நீரிணைக் குடியேற்றங்கள். இவை வட பிரிவு, தென் பிரிவு என வகுக்கப்பட்டன. பிரிவுக்கு ஓர் அணியே இறுதியாட்டத்துக்குச் செல்லும். அங்கே ஒரே ஆட்டம், ஒரே தீர்ப்பு. வேறு வேறு ஆட்சிகளின் கீழ்ச் சிதறிக் கிடந்த ஊர்கள், ஒரே பட்டியலில் ஒன்றையொன்று பெயர் சொல்லி எதிர்நோக்கின என்பது கருதத்தக்கது.

1921 ஆகஸ்டு 20, சனிக்கிழமை. கோலாலம்பூரில் சுமார் 5,000 பேர் திரண்டு நிற்க, சிலாங்கூர் பினாங்கை 5-1 எனத் தோற்கடித்தது. இதுவே கிண்ணத்தின் முதல் ஆட்டம். ஆறு வாரம் கழித்து, அக்டோபர் முதல் நாள், அதுவும் சனிக்கிழமையே, கோலாலம்பூரில் சிலாங்கூர் மன்றத்துத் திடலில் இறுதியாட்டம் நிகழ்ந்தது. வடக்கிலிருந்து சிலாங்கூர், தெற்கிலிருந்து சிங்கப்பூர். சொந்தத் திடலில் ஆடியும் சிலாங்கூர் 1-2 எனத் தோற்றது. ஐந்து கோல் அடித்துத் தொடங்கிய பருவம் ஒரு கோல் குறைவால் முடிந்தது. கிண்ணப் போட்டியின் கடுமை இதுதான். அடுத்த ஆண்டே சிலாங்கூர் சிங்கப்பூரை வென்று கிண்ணத்தைப் பெற்றது.

அந்த 1921-இல் தோட்டங்களின் நிலை என்ன? போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்திருந்தது. பல தோட்டங்களில் வேலை குறைந்தது, கூலி குறைந்தது, தொழிலாளர் பலர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டம் 1922-இன் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. கோலாலம்பூரில் கோல் விழுந்து மக்கள் ஆரவாரித்த அதே வாரங்களில், துறைமுகத்தில் மூட்டை முடிச்சுகளோடு கப்பலுக்குக் காத்திருந்தவரும் உண்டு. கிண்ணத்தின் வரலாற்றைச் சொல்பவர் இவ்வரியை விட்டுவிடலாகாது.

1921 முதல் 1941 வரை சிங்கப்பூர் ஒவ்வோர் ஆண்டும் இறுதியாட்டத்துக்கு வந்தது. ஜப்பானியப் போர் வர, போட்டி நின்றது. 1948-இல் மீண்டும் தொடங்கியபோது நெகிரி செம்பிலான் வென்றது. அதே 1948-இல்தான் ‘மலாயா’ போர்க்கப்பல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. கப்பல் உடைபட்டது, கிண்ணம் நிலைத்தது. 1967-இல் போட்டி மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறி, புதுக் கிண்ணமும் பெற்றது. முதல் இறுதியில் தோற்ற சிலாங்கூர், 2015 வரை 33 முறை அதனை வென்று, அதிக முறை வென்ற அணியாக விளங்குகிறது.

அந்நெடிய வரலாற்றில் தமிழர் பெயர்களும் இடம்பெற்றன. நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ எனப் புகழ்பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகம் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடினார்; 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். சிலாங்கூருக்கு ஆடிய கே. ராஜகோபால், 2010-இல் மலேசியா தென்கிழக்காசிய வாகை சூடியபோது பயிற்றுநராக இருந்தார். 1990-இல் தொடங்கிய எஃப்.ஏ. கிண்ணம், தோற்றால் வெளியேறும் முறையில் நடந்தது. அதனை 2009-இல் சிலாங்கூர் கிளந்தானிடமிருந்து பெனால்டி உதைகளால் கைப்பற்றியபோது பயிற்றுநர் கே. தேவன்.

முதல் இறுதியாட்டம் நிகழ்ந்த திடல் இன்று மெர்டேக்கா சதுக்கத்தில் இருக்கிறது. 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியதும் அங்கேதான். மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் கொடிக்கம்பத்தைக் காட்டுவது வழக்கம். எதிரே விரிந்த புல்லையும் காட்டி, ஒரு கப்பலின் கதையையும் அதற்குப் பால் சீவியவர் கதையையும் சேர்த்துச் சொல்வாராயின், பாடம் முழுமை பெறும்.