கயிறு கட்டிய பெட்டியில் போன பேராயர்

தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் விலகாசி தெரு பிரபலம். நெல்சன் மண்டேலாவின் வீடும், பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் வீடும் ஒரே தெருவில். இருவருமே அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்கள்!

1990-ல், 27 ஆண்டு சிறைவாசம் முடிந்த மண்டேலா முதல் இரவு தங்கியது, கேப் டவுனில் டுட்டு அப்போது குடியிருந்த இல்லத்தில்தான். பிறகு மண்டேலா அதிபரானார். அவருடைய பளபள சட்டைகளை டுட்டு கிண்டலடிக்க, 'கவுன் மாதிரி அங்கி போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுகிறவர் இதைச் சொல்லலாமா?' என்ற பாணியில் திருப்பிக் கொடுத்தார் மண்டேலா.

சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், தப்பென்றால் விடமாட்டார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த டுட்டு, 1996-ல் ஓய்வுபெற்ற பிறகு மண்டேலா கட்சியின் ஆட்சியையும் கண்டித்தார்.

2021 டிசம்பர் 26-ல், 90 வயதில் மறைந்தார். இருப்பதிலேயே மலிவான பெட்டி போதும் என்பது அவர் விருப்பம். சாதாரண பைன் மரப்பெட்டி; உலோகக் கைப்பிடிக்குப் பதில் கயிறு; குடும்பத்தார் வைத்த ஒரு பூங்கொத்து. அவ்வளவுதான்.

இத்தனை பெரிய மனிதருக்கு இது போதுமா என்று நமக்குத்தான் தோன்றுகிறது. அவருக்குப் போதுமாக இருந்தது.