வீட்டு வைஃபையில் கோப்புப் பரிமாற்ற வேகம்

ஒரே வீட்டிலுள்ள இரு கணினிகளுக்கிடையே வைஃபை வழியாகக் கோப்பு மெதுவாகச் செல்வதற்கும் இணையத் திட்டத்தின் வேகத்துக்கும் தொடர்பில்லை. அக்கோப்பு ரூட்டரைத் தாண்டி வெளியே போவதே இல்லை. இதற்காகக் கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறுவது வீண்செலவு.

இரண்டும் ஒரே வைஃபை அலைத்தடத்தில் இருந்தால், தரவு முதலில் ரூட்டருக்கும் பின்னர் அங்கிருந்து மற்றக் கணினிக்குமாக இருமுறை காற்றில் பயணிக்கிறது. வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. எனவே ஒரு கணினியை ஈதர்நெட் வடத்தால் ரூட்டருடன் இணைத்துப் பார்ப்பதே முதல் சோதனை. வேகம் கூடினால் குறை காற்றுவழியில் உள்ளது. கூடாவிட்டால் வன்தட்டு, யூஎஸ்பி இணைப்பு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் வகை ஈதர்நெட் துறையில் நொடிக்குச் சுமார் 12 மெகாபைட்டே உச்சம்; அது பழுதன்று.

வீட்டின் கட்டுமானமும் வேகத்தைப் பாதிக்கும். காரைக்கால் நகரின் பழைய வீடுகளில் உள்ளவை போன்ற தடித்த செங்கல் சுவர்களைக் கடக்கையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவில் வலுவிழக்கிறது. ரூட்டர் இருக்கும் அறையிலேயே அது நன்கு பயன்படும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு எளிதாகக் கடக்கும். ஆனால் வீடுகள் ஒட்டி நிற்கும் தெருக்களில் அண்டை வீட்டு ரூட்டர்களும் அதே அலையில் இயங்கும். அங்கு ஒன்றோடொன்று மேற்படியாத 1, 6, 11 ஆகிய தடங்களுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.