காந்த ஊசியும் அருகிலுள்ள இரும்பும்

வரப்பின் போக்கைப் பார்க்கவும், புதிய வாய்க்காலுக்குக் கோடு பிடிக்கவும், சூரிய சக்தி பம்பின் தகடுகளைத் தெற்கு நோக்கி நிறுத்தவும் கடலூர், சிதம்பரம் வட்டத்து மிராசுதாரர்கள் காந்த ஊசியை உபயோகிப்பதுண்டு. கைபேசியிலுள்ள திசைகாட்டியும் பூமியின் காந்த சக்தியையே அறிந்து திசை கூறுவதால், இங்குக் கூறப்படுவன அதற்கும் பொருந்தும்.

பூமியின் காந்த சக்தி மிகச் சொற்பமானது. ஆகையால் அருகில் இரும்பு இருக்குமாயின், ஊசி இரண்டு இழுப்புகளுக்கும் இடைப்பட்ட திசையில் நின்றுவிடும். மண்வெட்டி, முள்கம்பி வேலி, டிராக்டர், கிணற்றின் இரும்புக் குழாய், உயர் மின்கம்பிகளைத் தாங்கும் எஃகுக் கோபுரம் யாவும் இத்தன்மையவே. நிலமளக்கும் சங்கிலியும் இரும்பே; அதைக் காலடியில் குவித்துவிட்டு ஊசியைப் பார்ப்போரும் உளர். பித்தளையும் செம்பும் ஊசியைக் கலைப்பதில்லை.

ஒரு பாகைதானே என்று அசட்டை செய்யலாகாது. 10 சங்கிலி, அதாவது 660 அடி நீளமுள்ள வரப்பில் ஒரு பாகை பிசகினால் மறுமுனை ஏறக்குறைய 11½ அடி விலகும். இடையே அகப்படும் முக்கோண நிலம் 8¾ சென்ட் ஆகும். நஞ்சையில் இவ்வளவு நிலத்தை விட்டுக்கொடுப்பார் யார்?

பிசகை அறிய எளிய வழி உண்டு. இடுப்பிலுள்ள கத்தியையும் சாவிக் கொத்தையும் முதலில் அப்பால் வைத்துவிட வேண்டும். ஓர் எல்லைக் கல்லிலிருந்து மற்றதை நோக்கும்போது 40 பாகை காட்டினால், அங்கிருந்து திரும்பி நோக்கும்போது 220 பாகை காட்ட வேண்டும். வித்தியாசம் சரியாக 180 இல்லையெனில், இரண்டிலொரு இடத்திலேனும் இரும்பு உண்டென்று கொள்க. அதே கோட்டின்மீது இருபது முப்பது அடி நகர்ந்து மறுபடியும் பார்க்கலாம்.

மின்சாரத்தின் விஷயம் சற்று வேறு. பம்பு செட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுகள் மாறி மாறி ஓடுவதால் ஊசி அதைத் தொடர இயலாது. சூரியத் தகடுகளிலிருந்து வருவதோ ஒரே திக்கில் ஓடுவது. வடக்குத் தெற்காகச் செல்லும் ஒற்றைக் கம்பியில் 10 ஆம்பியர் ஓடினால், அதற்கு நேர்மேலே 10 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்த ஊசி நம் ஜில்லாவில் 25 பாகைக்கு மேல் திரும்பிவிடும். போக்கு, வரவுக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டினால் இவ்விளைவு பெரும்பாலும் நீங்கும்.

1802-இல் பரங்கிமலையருகே ஆதாரக் கோடு அளந்து தொடங்கிய லாம்டன், தம் முதல் வில்லளவையின் தென்முனையைக் கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் கொண்டார். அவ்வேலையில் அவர் வடதிசையை நிர்ணயித்தது துருவ நட்சத்திரத்தைக் கொண்டே. எல்லைத் தகராறிலும் ஊசி சாட்சியாகாது. புலப்படத்திலுள்ள நீள அளவுகளைக் கொண்டே சர்வேயர் கல்லின் ஸ்தானத்தைக் கண்டுபிடிப்பார்.