வெயிலில் வேலை, வலிக்கு மாத்திரை: சிறுநீரகம் தாங்குமா?

கோடையோடு வருபவர்கள்

பங்குனி பிறந்துவிட்டால் ஒரே மாதிரியான நோயாளிகள் வரத் தொடங்குகிறார்கள். வயது நாற்பதைத் தொட்டிருக்காது. உப்பளத்திலோ செங்கல் சூளையிலோ கட்டட வேலையிலோ வருடக்கணக்கில் உழைத்தவர்கள். சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. சாப்பாடு இறங்கவில்லை, குமட்டுகிறது, அசதி என்பார்கள். ரத்தத்தைப் பார்த்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் எகிறியிருக்கும். "போன வருஷமே நீர்க்கடுப்பு இருந்துச்சு டாக்டர், சூடுதானேன்னு விட்டுட்டேன்" என்கிறார்கள். அந்தப் போன வருடத்தில் வந்திருந்தால் எவ்வளவோ காப்பாற்றியிருக்கலாம்.

"சூடுதானே" என்ற நம்பிக்கை

நீர்க்கடுப்பு வந்தால் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பால் கெடுதல் பெரிதில்லை. கடுப்பு தணிந்ததும் மறுநாள் அதே வெயிலில் போய் நிற்கிறார்களே, கெடுதல் அங்கேதான். உடலில் நீர் வற்றுகிறது என்ற எச்சரிக்கை அது.

"எங்களுக்கு வெயில் பழகிப்போச்சு" என்பது அடுத்தது. தோலுக்கும் வியர்வைக்கும் ஓரளவு பழக்கம் வரும், உண்மைதான். ஆனால் நாள்தோறும் நீர் வற்றி வற்றித் தேறும் சிறுநீரகத்துக்கு அந்தப் பழக்கம் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தழும்பு மிஞ்சுகிறது.

"கால் வீங்கவில்லை, சிறுநீர் நன்றாகப் போகிறது, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் பலர். இந்த வகைப் பாதிப்பில் வீக்கம் கடைசியில்தான் வரும். சிறுநீரில் புரதமும் அதிகம் போகாது. அதனால் வெறும் சிறுநீர்ப் பரிசோதனையில் தப்பிவிடும்.

பெண்களிடம் கேட்டால் வேறொரு காரணம் வரும். உப்பளத்தில் ஒதுங்க இடமில்லை. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறார்கள். இவர்களிடம் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சீட்டில் எழுதிக்கொடுப்பதால் என்ன பயன்? கழிப்பறை கட்டிக்கொடுத்தால்தான் தண்ணீர் உள்ளே போகும்.

செட் மாத்திரை என்னும் விஷப்பரீட்சை

என் பொறுமை எல்லை மீறுவது இங்கேதான். உப்பு வாரி முதுகு ஒடிந்து வருபவர் மருந்துக்கடையில் "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்கிறார். அந்தச் செட்டில் டைக்ளோஃபினாக் இருக்கும், அல்லது ஐபுபுரூஃபன். உடலில் நீர் குறையும்போது சிறுநீரகம் சில வேதிப்பொருட்களைச் சுரந்து தன் ரத்த ஓட்டத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. இந்த மாத்திரைகள் அந்தச் சுரப்பையே அடைத்துவிடுகின்றன. நீர் வற்றிய உடம்பில், வெயில் நாளில், வாரம் முழுக்க இதை விழுங்கினால் சிறுநீரகம் எப்படிப் பிழைக்கும்? விற்கும் கடைக்காரரையும் கேட்கிறேன். உங்கள் தம்பிக்கு இப்படிக் கொடுப்பீர்களா?

ஆய்வு களத்துக்குப் போனபோது

ஒவ்வொருவராக மருந்து கொடுத்து இந்தச் சிறுநீரக நோயை நிறுத்த முடியாது. வேலையிடம் மாற வேண்டும். அதற்குத் தொழிலாளி, முதலாளி, ஆய்வாளர் மூவரும் ஒன்றாக உட்கார வேண்டும். உட்கார்ந்த இடங்கள் உண்டு.

நிகராகுவாவின் சிச்சிகல்பாவில் கரும்பு வெட்டியவர்கள் இதே நோயில் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். அங்குள்ள சர்க்கரை ஆலைக்கு உலக வங்கிக் குழுமத்தின் கடன் போயிருந்தது. 2008இல் முன்னாள் தொழிலாளர்களின் சங்கம் அந்தக் குழுமத்தின் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்தது. பேச்சுவார்த்தையில் ஆலையும் சங்கமும் சேர்ந்தே பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்தன. இரு தரப்பும் நம்பும் ஆய்வு என்பதே பெரிய வெற்றி. பின்னர் அந்த வட்டாரத்தில் நிழல், தண்ணீர், கட்டாய ஓய்வு ஆகியவற்றைப் பருவம் பருவமாக அளந்து திருத்தினார்கள். ஓய்வைக் கூட்டிய 2018–19 அறுவடையில், கரும்பு வெட்டுவோரின் சிறுநீரகப் பாதிப்பு முந்தைய அறுவடையைவிடச் சுமார் 70 சதவீதம் குறைந்தது.

"ஓய்வு கொடுத்தால் வேலை கெடும்" என்று சொல்லும் முதலாளிகளுக்கு எல் சால்வடாரைக் காட்டுவேன். 2014–15 பருவத்தில் அங்கே கரும்பு வெட்டும் ஒரு குழுவுக்கு இடையிடையே ஓய்வும் நிழற்கூடாரமும் முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பையும் திருத்திய வெட்டுக்கத்தியும் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5.1 டன்னாக இருந்த வெட்டு 7.3 டன்னாக உயர்ந்தது. கத்திக்கும் அதில் பங்குண்டு. ஓய்வால் வேலை குறையவில்லை என்பதும் உண்மை.

நம் ஊரிலும் தொடக்கம் இருக்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 பேரைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் வெப்ப வரம்பைத் தாண்டிய சூட்டில் உழைத்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திராவின் உத்தானத்திலும் பல ஆண்டுகளாக இதே நோய்தான். காரணம் வெயில் மட்டுமா, குடிநீரும் பூச்சிமருந்தும் சேர்ந்தா என்ற விவாதம் நடக்கட்டும். நிழலுக்கும் தண்ணீருக்கும் அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பரிசோதனை

சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் போதாது, ரத்தத்தில் கிரியேட்டினினைப் பார்க்க வேண்டும். கூடியிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

வெயிலில் வேலை செய்யும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மோரோ நீராகாரமோ கொண்டுபோங்கள், கலர் சோடா வேண்டாம். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். வலியோடு என்னிடம் வாருங்கள், திட்டமாட்டேன்.

அளம் நடத்தும் ஐயாமாரே, பருவம் தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை உங்கள் ஆட்களின் ரத்தத்தைப் பார்க்க அனுமதியுங்கள். உச்சி வெயிலில் வேலையை நிறுத்துங்கள். நிழலும் கழிப்பறையும் கட்டுங்கள். ஆய்வுக்கு வருகிறவர்களை வாசலில் நிறுத்தாதீர்கள். தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, அந்த அறிவிப்பு பாத்தி வரை வந்து சேர வேண்டும்.

தொழிலாளர்களே, ஆய்வுக்கு யாராவது ரத்தம் எடுக்க வந்தால் கையை நீட்டுங்கள். எத்தனை மணிக்குத் தலை சுற்றுகிறது, எங்கே நிழல் வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், உங்களைவிட அது யாருக்கும் தெரியாது. போகும்முன், உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு என்னவென்று சீட்டில் தமிழில் எழுதித் தரச்சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டோடு அடுத்த வாரமே மருத்துவமனைக்கு வாருங்கள்.