துருவத்தின் பக்கம் ஒரு நூல்

"பதினேழு மணி நேரம் பறந்தது பெருசா தெரியலம்மா, இந்த மலை ஏறினதுதான் தலை சுத்துது." சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நேராகப் பெங்களூருவில் வந்திறங்கி, சேலம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி மகள் சொன்னாள்.

பூகோளம் கற்பித்தவள் நான், சும்மா விடுவேனா? அலமாரியிலிருந்த பூகோள உருண்டையை எடுத்தேன். ஒரு நூலைப் பெங்களூருவில் வைத்து, சான் பிரான்சிஸ்கோ வரை இறுக்கிப் பிடித்தேன். நூல் பசிபிக்கைக் குறுக்கே கடக்கவில்லை. வடக்கே ஆர்க்டிக் பகுதி வரை ஏறி இறங்கியது. சுவரில் தொங்கும் தட்டை வரைபடம் இதைக் காட்டாது. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி அதுதான். சுமார் 14,000 கி.மீ.

2021 ஜனவரி 9 இரவு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய, கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம், துருவத்தை ஒட்டிப் பறந்து 11ஆம் தேதி அதிகாலை பெங்களூருவில் இறங்கியது. பயணம் 17 மணி நேரம்தான். மீதி பதின்மூன்றரை மணி இரு ஊர்க் கடிகாரங்களின் வித்தியாசம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகவும் வரவும் தூரம் ஒன்றேயானாலும் நேரம் மாறும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்று ஒரு விமானத்தைத் தள்ளிவிடும், எதிரே வருவதை இழுத்துப் பிடிக்கும்.

மகள் நூலை வாங்கி, ஏற்காட்டிலிருந்து தானே ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.