உயிரணுவின் பூட்டு



திண்டுக்கல்லில் வாழ்வோர்க்குப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. உரிய சாவியின்றி எவரையும் உள்ளே விடாமையே நல்ல பூட்டின் இலக்கணம். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் அவ்வாறு பூட்டிய வீடே. அதனுள் ஒரு மரபணுவைப் புகுத்துவது எங்ஙனம்?

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், விளையாட்டு வேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவன் இருந்தான். சிறிது அடி பட்டாலும் முழங்காலினுள் குருதி கசிந்து வீங்கும். அவனுக்கு இருந்தது ஹீமோபிலியா. குருதியை உறையச் செய்யும் எட்டாம் காரணி என்னும் புரதத்தின் மரபணு பழுதுபடுவதால் வருவது அந்நோயின் 'ஏ' வகை. அப்புரதத்தை ஊசிவழிச் செலுத்தலாம். சில நாளில் தீர்ந்துவிடும். மரபணுவையே கொடுத்துவிட்டால் என்ன?

உயிரணுவின் மேலுறை, டி.என்.ஏ. ஆகிய இரண்டும் எதிர்மின் தன்மை உடையன; ஒன்றையொன்று விலக்கும். ஆதலால் டி.என்.ஏ.வை நேர்மின் தன்மையுள்ள கொழுப்பில் பொதிந்து அனுப்புவர். அன்றிக் கணநேர மின்துடிப்பால் உறையில் நுண்துளைகள் உண்டாக்குவர். ஆனால் குருதியை ஆக்கும் குருத்தணுக்கள் பிரிந்து பிரிந்து பெருகுவன. உட்புகுந்த மரபணு குரோமோசோமுடன் இணையாவிடில், பிரியுந்தோறும் அருகி மறையும். புகுந்தால் மட்டும் போதாது, குடியேறவும் வேண்டும்.

இதற்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் குருத்தணு ஆராய்ச்சி மையத்தினர், அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து ஒரு வழி கண்டனர். நோய் செய்யும் ஆற்றல் நீக்கப்பெற்ற லென்டிவைரஸை வாகனமாக்கினர். அது தான் சுமந்த மரபணுவைக் குரோமோசோமிலேயே பதித்துவிடும். நோயாளியின் குருத்தணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் மரபணுவைச் சேர்த்து, அவர் உடலுக்கே திருப்பினர். சிகிச்சை பெற்றோர் ஐவர். அவர்களைக் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். அணுக்கள் உடலில் ஊன்றியபின் ஒருவருக்கும் குருதிக்கசிவு நேரவில்லை என 2024 டிசம்பரில் அறிவித்தனர்.

ஐவர் என்பது சிறு தொகையே. அணுக்களைத் திருப்புமுன் கொடுக்கும் மருந்து கடுமையானது. மரபணு தகாத இடத்தில் பதிந்தால் புற்றுநோயும் தோன்றக்கூடும். ஆகவே பல்லாண்டுக் கண்காணிப்பு இன்றியமையாதது. நம்பிக்கையும் எச்சரிக்கையும் அறிவியலுக்கு இரு கண்கள்.

வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த அம்மாணவனுக்கு அன்று என்னால் ஆறுதல் மட்டுமே சொல்ல முடிந்தது. இனி அத்தகைய சிறுவனை ஆடுகளத்திற்கு அழைத்துவரும் பணி, உயிரியலை ஊன்றிக் கற்கும் உங்களுடையது.